ஏரி மீனைச் சோதிக்கப் பணம் எங்கிருந்து வருகிறது?

[திரையில்: வட அமெரிக்க வரைபடம். ஐந்து ஏரிகளும் ஒவ்வொன்றாக நீலமாகின்றன.]

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ. அமெரிக்காவும் கனடாவும் பங்குபோட்டுக்கொள்ளும் பேரேரிகள். உலகில் நிலத்தின் மேல் கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. மூன்று கோடிப் பேருக்கும் மேல் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

இந்த ஏரிகளில் என்னென்ன ரசாயனங்கள் கலந்திருக்கின்றன என்று பார்க்க, தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. மின்சாதன எண்ணெய்களில் பயன்பட்ட பி.சி.பி., பூச்சிக்கொல்லியான டி.டி.டி. போன்றவை தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் ஒட்டிக்கொள்ளும். மிதவை உயிரிகளைச் சிறுமீன் தின்கிறது, சிறுமீனைப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சின் அடர்த்தி கூடுகிறது. தண்ணீரில் கருவிக்கே எட்டாத அளவில் இருப்பது, உச்சியில் இருக்கும் மீனின் உடலில் தெளிவாக அளக்கக்கூடிய அளவுக்குச் சேர்ந்துவிடும்.

[திரையில்: லேக் டிரவுட் மீன், பக்கத்தில் அளவுகோல்.]

அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இ.பி.ஏ., 1970-களிலிருந்து இந்த ஏரிகளின் மீன்களைச் சோதித்து வருகிறது. நான்கு ஏரிகளில் லேக் டிரவுட். ஆழம் குறைந்த ஈரியில் மட்டும் வால்-ஐ என்ற மீன். டிரவுட் என்றால் 600 முதல் 700 மில்லிமீட்டர் நீளத்தில் இருப்பதையே எடுப்பார்கள். பல மீன்களை முழுதாக, தலை, குடல், முள் எல்லாம் சேர்த்து அரைத்து, ஒரே கலவை மாதிரியாக்குவார்கள். சாப்பிடும் சதைத்துண்டை மட்டும் சோதிப்பது வேறு வேலை. யார் எவ்வளவு மீன் சாப்பிடலாம் என்று மாநில அரசுகள் அறிவுரை சொல்வதற்கு அது தேவைப்படுகிறது. இந்த முழுமீன் சோதனை ஏரியின் உடல்நிலையைப் பார்க்கிறது.

பணத்துக்கு வருவோம்.

1972-இல் இரண்டு நாடுகளும் பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கண்காணிக்கும் கடமை அங்கிருந்து வருகிறது. கடமை இருந்தால் மட்டும் படகு ஓடாதே? 2010-இல் பேரேரி மீட்புத் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் முதல் ஆண்டிலேயே 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. இன்றைக்கு இந்த ஏரிகளைச் சுற்றி நடக்கும் பல வேலைகளுக்கு அந்தத் திட்டத்தின் பணம்தான் ஆதாரம்.

மீன் சோதனையை இ.பி.ஏ. முழுக்கத் தானே செய்வதில்லை. அறிவிப்பு விடும், பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டு விண்ணப்பிக்கும். நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு இந்தப் பணியைச் செய்திருக்கிறது. கொடுக்கப்படுவது பெரும்பாலும் 'கூட்டுறவு ஒப்பந்தம்' என்ற வகை. 1977-இல் வந்த ஒரு சட்டம் இதை வெறும் மானியத்திலிருந்து பிரிக்கிறது. மானியம் என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு அரசு பெரும்பாலும் விலகி நிற்கும். கூட்டுறவு ஒப்பந்தத்தில் அரசும் வேலையில் கணிசமாகப் பங்கெடுக்கும். எந்த மீன், எந்த இடம், எந்த முறை என்று எல்லாவற்றிலும் இ.பி.ஏ. கூடவே இருக்கும். பல பத்தாண்டுகள் நீளும் வேலைக்கு இதுதான் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். ஆய்வகம் மாறினாலும் முறை மாறக்கூடாது.

[திரையில்: உறைபெட்டி. உள்ளே தேதியிட்ட புட்டிகள்.]

இங்கேதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் செய்தி இருக்கிறது. அரைத்த மீனில் ஒரு பங்கை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். எதற்கு?

தீப்பிடிப்பதைத் தடுக்க நாற்காலி நுரையிலும் மின்சாதன நெகிழியிலும் பி.பி.டி.இ. என்ற ரசாயனங்களைச் சேர்த்து வந்தார்கள். 1980-களில் இந்த ஏரிகளின் மீன் சோதனையில் அவற்றை வழக்கமாகத் தேடவில்லை. பிற்பாடு, 2000-க்குப் பிறகு, சேமித்து வைத்திருந்த பழைய மீன்களை எடுத்துச் சோதித்தபோது, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. கறைபடாத துணிகளிலும் தீயணைப்பு நுரையிலும் சேர்க்கப்பட்ட பி.எஃப்.ஓ.எஸ். என்ற ரசாயனத்தின் கதையும் அப்படித்தான். ஒன்டாரியோ ஏரியின் டிரவுட் மீன்களில் 1980-க்கும் 2001-க்கும் இடையே அது ஏறத்தாழ நான்கு மடங்காகியிருந்தது. அன்று யாரோ ஒருவர் உறைபெட்டிக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டே இருந்ததால்தான் இதையெல்லாம் நம்மால் சொல்ல முடிகிறது.

விண்ணப்பங்களில் முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரிச் செலவுதான். புதிய கருவி வாங்குகிறோம் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். பழைய மீனைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றால் யாருக்கும் பெரிதாகப் படாது. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

நீண்ட காலத் தொடர் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டி.டி.டி.யை அமெரிக்கா 1972-இல் தடைசெய்தது. பி.சி.பி. தயாரிப்பு 1979-இல் தடைசெய்யப்பட்டது. மீனில் இரண்டும் முதலில் வேகமாகக் குறைந்து, பிறகு மெதுவாகக் குறைந்தன. ஏரியடிச் சேற்றில் படிந்ததும், காற்றில் வந்து விழுவதும் இன்னும் தீரவில்லை. சுப்பீரியர் ஏரியின் நீர் முழுதும் வெளியேறிப் புதுநீர் நிறைய ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஆகும்!

இதற்கு நடுவில் வெளியிலிருந்து வந்த குவாகா சிப்பிகள் உணவுச்சங்கிலியையே கலைத்துப்போட்டன. இரை குறைந்தால் மீன் மெதுவாக வளரும். அதே 650 மில்லிமீட்டர் மீன், முன்பைவிட வயதானதாக இருக்கும். வயது கூடினால் உடலில் சேரும் பாதரசமும் கூடும். நீளத்தை மட்டும் பார்த்தால், ஏரிக்குள் நஞ்சு அதிகம் வருகிறது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் கூடியது மீனின் வயதாக இருக்கலாம். அதனால் வயதைக் கணிக்கும் வேலைக்கும் பணம் வேண்டும். மூன்றாண்டு நிதியை மட்டும் நம்பி ஓடும் திட்டத்துக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவது மிகவும் கடினம்.

[திரையில்: விண்ணப்பப் படிவத்தின் பக்கங்கள் புரள்கின்றன.]

இப்படிப்பட்ட நிதிக்கு நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால், அளவீடுகள் நம்பத்தக்கவை என்று எப்படி உறுதிசெய்வீர்கள் எனச் சொல்லும் தர உறுதித் திட்டத்தை ஒரு சடங்காக எழுதாதீர்கள். இ.பி.ஏ. பணத்தில் அளக்கும் எவரும் அதை ஒப்புதல் பெற்றுத்தான் வேலையைத் தொடங்க முடியும். மீன் சேர்க்காத வெற்று மாதிரிகள், இரட்டைச் சோதனைகள், அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரிகள் எல்லாவற்றுக்கும் வரவுசெலவில் தனித்தனியாக இடம் கொடுங்கள்.

ஆய்வகம் கைமாறப் போகிறது என்று தெரிந்தால், குறைந்தது ஓராண்டுக்காவது பழைய ஆய்வகமும் புதிய ஆய்வகமும் ஒரே மீனின் பகுதிகளைச் சோதிக்கும்படி பணம் கேளுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.