எல்லாருக்கும் 20-ஆ? மூச்சை எண்ணுங்க, ப்ளீஸ்!

மக்களே, வணக்கம். நைட் டியூட்டி முடிச்சு இப்பதான் வந்தேன், யூனிஃபார்ம் கூட மாத்தல. தூங்கி எழுந்து பேசலாம்னு பார்த்தேன், மனசு ஆறல. நேத்து முந்தின ஷிஃப்ட்கிட்ட ஹேண்ட்ஓவர் வாங்கிட்டு, டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு எல்லாம் எழுதுற டிபிஆர் சார்ட்டைப் புரட்டுறேன், முதல் பெட்லேர்ந்து கடைசி பெட் வரைக்கும் நிமிஷத்துக்கு மூச்சு 20, 20, 20. ஆபரேஷன் முடிஞ்சு வந்தவருக்கும் 20, காலைல டிஸ்சார்ஜ் ஆகப் போறவருக்கும் 20. பல்ஸ், பி.பி., டெம்பரேச்சர் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுது, ஏன்னா அதையெல்லாம் மெஷின் காட்டிடுது. மூச்சை மட்டும் நாமதான் நின்னு எண்ணணும். அதான் அதை யாரும் எண்ணுறதே இல்ல. எனக்குக் கோவமா வருதுங்க.

ஆக்ஸிமீட்டர் பத்தி நான் எவ்வளவு பேசியிருக்கேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். விரல்ல மாட்டி 97 வந்துட்டா மூச்சு நல்லாயிருக்குன்னு முடிவு பண்ணிடுறாங்க. இல்லவே இல்ல. ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு மட்டும்தான் அது காட்டும். அந்த 97-ஐப் பிடிச்சு வைக்க உடம்பு என்ன பாடுபடுதுன்னு காட்டாது. 14 தடவை மூச்சு விடுறவருக்கும் 97 இருக்கலாம், 30 தடவை வாங்குறவருக்கும் 97 இருக்கலாம்.

இப்படி ஒரு அம்மாவை நினைச்சுக்கோங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன்னு அட்மிட். டெம்பரேச்சர் 99.4, பி.பி. 114-க்கு 70, பல்ஸ் 96, ஆக்ஸிஜன் 97, நல்லா பேசுறாங்க. பார்த்தா ஒண்ணும் தோணாது. மூச்சை எண்ணினா 28. லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல கொண்டு வந்து, 2017-ல திருத்தின நியூஸ் 2 ஸ்கோர் இருக்கே, பேஷன்ட் நிலைமை மோசமாகுதான்னு மார்க் போட்டுப் பார்க்குற கணக்கு, அதுல 25-ம் அதுக்கு மேலயும் போனா மூச்சு ஒண்ணுக்கே 3 மார்க். ஒரே ஒரு கணக்குல 3 வந்தாலே சீக்கிரம் டாக்டரை வரவழைச்சுப் பார்க்கச் சொல்லணும். அந்த அம்மாவுக்கு 20-ன்னு எழுதியிருந்தா? மொத்த ஸ்கோர் 1. யாருமே திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இந்த மாதிரி ஒரு கிருமித் தொற்று முத்தி உடம்பையே பாதிக்கிறதுதான் செப்ஸிஸ். அதுல திசுக்களுக்கு ஆக்ஸிஜன் சரியா கிடைக்காம லாக்டிக் ஆசிட் சேரும். அதை ஈடுகட்ட நுரையீரல் கார்பன் டை ஆக்ஸைடை வேக வேகமா வெளிய தள்ளும். பல பேருக்கு பி.பி. இறங்குறதுக்கு முன்னாடியே மூச்சு ஏறிடும்.

சரி, இதைப் பாருங்க. கிட்ட காட்டுறேன். புது வாட்ச்! சட்டையில குத்திக்கிற நர்ஸ் வாட்ச். கையில கட்டுற வாட்ச் எனக்கு வார்டுல ஆகவே ஆகாது, கை கழுவுறப்ப அதுக்கு அடியில அழுக்கு அப்படியே நிக்கும். இது தலைகீழா தொங்கும், நாம தூக்கிப் பார்த்தா நேரா தெரியும். கடைக்காரர் 380 சொன்னார், நான் 300-க்குக் கேட்டேன், முடியாதுன்னார், வெளிய வந்துட்டேன், கூப்பிட்டார், 320-க்கு முடிஞ்சுது. பேட்டரியும் போட்டுத் தரச் சொல்லி வாங்கிட்டேன்! ஆனா விலையை விட முக்கியம், இந்தச் சிவப்பு செகண்ட் முள்ளு. தனியா, நீளமா, இருட்டுல மின்னுது. பல கடையில முள்ளே இல்லாம வெறும் டிசைன் பூ போட்டு விக்கிறாங்க. அதை எவ்வளவு கம்மி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

ஏன் முள்ளுன்னா, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குற வழக்கம் இருக்கு பாருங்க, அது எனக்குச் சுத்தமா பிடிக்காது. அதுல ஒரு மூச்சு தவறினா நாலு தவறிடும். 20-க்கும் 24-க்கும் நடுவுல நியூஸ் 2-ல 2 மார்க் வித்தியாசம். முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். மூச்சை எண்ணப் போறேன்னு பேஷன்ட்கிட்ட சொல்லாதீங்க! சொன்னா அவங்களை அறியாம மூச்சை மாத்திடுவாங்க. பல்ஸ் பார்த்து முடிச்சதும் கையை எடுக்காம, அதே கையை நெஞ்சு மேலயோ வயித்து மேலயோ வச்சுக்கிட்டு எண்ணுங்க. உள்ள போய் வெளிய வந்தா ஒண்ணு. போர்வை மேல ஏற்றம் இறக்கம் தெரியலன்னா போர்வையை லேசா விலக்குங்க. எண்ணும்போதே ஆழமா விடுறாங்களா, கழுத்துச் சதை இழுக்குதா, பேச்சு நடுவுல மூச்சு வாங்குதான்னும் பாருங்க.

மானிட்டர்ல ஆர்.ஆர்., அதாவது மூச்சு எண்ணிக்கை, வருதே அக்கான்னு கேப்பீங்க. அது நெஞ்சுல ஒட்டுற ஈசிஜி லீட் வழியா எடுக்குறது. இருமினாலும் புரண்டாலும் நம்பர் தாறுமாறா ஓடும். சந்தேகம்னா கண்ணால பார்த்து எண்ணுறதுதான்.

மேல சொன்ன மார்க் எல்லாம் பெரியவங்களுக்குங்க, 12-லேர்ந்து 20 நார்மல். குழந்தைங்களுக்குப் போடாதீங்க. உலக சுகாதார நிறுவனக் கணக்குல, இருமலோட வர்ற ரெண்டு மாசம் நிறையாத குழந்தைக்கு 60, ரெண்டு மாசத்துலேர்ந்து ஒரு வயசு வரைக்கும் 50, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியாவான்னு பார்க்கணும். அழுறப்ப எண்ணாதீங்க, அம்மா மடியில அமைதியா இருக்கறப்ப எண்ணுங்க.

அடுத்த வீடியோ பி.பி. பார்க்கக் கையில சுத்துற பட்டை, அந்த கஃப் சைஸ் பத்தி. ஒல்லியான கைக்கும் குண்டான கைக்கும் ஒரே கஃப் சுத்துறவங்க அவசியம் வரணும். தூங்கப் போறேன், பை!