பசி கண்ட வீடும் பிள்ளையின் நிறையும்

(காட்சி: கிளிநொச்சியில் ஒரு வீட்டு முற்றம், மாலை. பாடசாலை விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையை இறக்கிவைக்கிறாள்.)

வணக்கம். வன்னியில் ஒரு பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தால் வீடே பூரித்துப்போகும். 2009ஆம் ஆண்டுப் போரின்போது கஞ்சிக்காக வரிசையில் நின்ற தாய், இன்று தன் பிள்ளையின் கோப்பையில் இன்னுமோர் அகப்பை சோறு போடுவது அந்த நினைவின் வலியால்தான். பிள்ளையின் நிறை கூடியதற்காக அந்தத் தாயைக் குற்றஞ்சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், போதுமென்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தி ஊட்டும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

பிள்ளையின் நிறை அளவுக்கு மிஞ்சியதா என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உயரம், நிறை, வயது, பால் ஆகிய நான்கையும் சேர்த்தே, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) பார்க்கப்படுகிறது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். வளரும் பிள்ளைகள் பலருக்கு நிறையைக் குறைப்பதைவிட, உயரம் கூடும்வரை அதை ஏறாமல் வைத்திருப்பதே இலக்காகும். பட்டினி போடுவது தீங்கானது.

(காட்சி: குடும்பம் பாயில் அமர்ந்து உண்கிறது.)

ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் செய்து, அண்ணனுக்கு ரோல்ஸும் சோடாவும் வாங்கிக் கொடுத்தால் அது அவளுக்குத் தண்டனையாகவே தோன்றும். ஆகவே மாற்றம் அம்மம்மா முதல் கடைக்குட்டி வரை எல்லோருக்கும் உரியது. தேநீரிலிருந்து தொடங்கலாம்: வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் சீனியைக் குறைத்துவந்தால் நாக்கு தானே பழகிவிடும். சோடாப் போத்தலில் உள்ள வர்ணக் குறியீட்டையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டு இலங்கையில் அறிமுகமான அந்த முறையில், 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ பத்துத் தேக்கரண்டி சீனி இருக்கும். அதற்குப் பதிலாகத் தண்ணீரோ சீனி சேர்க்காத மோரோ கொடுக்கலாம்.

காலையில் இடியப்பம், மதியம் சோறு, இரவு புட்டு என்றால் மூன்று வேளையும் மாவுச்சத்தே முந்துகிறது. கோப்பையின் பாதியை முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, கத்தரிக்காய் போன்றவற்றால் நிரப்பி, குளத்து மீனோ பருப்போ சேர்த்தால் சோறு தானாகவே குறையும். குரக்கன் புட்டு நல்லதுதான். அதற்காக இரண்டு மடங்கு உண்ணலாம் என்பதில்லை.

(காட்சி: பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுகிறார்கள்.)

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் நேரம் தேவை. டியூசன் அதை விழுங்கிவிடுவதை அறிவோம். யானை நடமாடும் கிராமங்களில் பொழுதுபட்டபின் வெளியே விடவும் முடியாது. அங்கே முற்றத்திலேயே தாச்சி விளையாட்டும் கயிறடித்தலும் போதும், ஆனால் அப்பாவும் இறங்கி விளையாட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணிநேர உறக்கமும் வேண்டும். கைத்தொலைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதிருப்பது எல்லோருக்கும் பொதுவான விதியாகட்டும்.

கழுத்தின் பின்புறம் தடித்துக் கறுத்தல், உரத்த குறட்டை, முழங்கால் அல்லது இடுப்பு வலி, அடங்காத தாகம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். அங்கே பிள்ளையை “குண்டு” என்று அறிமுகப்படுத்தாதீர்கள். பேரைச் சொல்லி, அவள் என்ன உணர்கிறாள் என்பதை அவளையே சொல்ல விடுங்கள்.