கடலடிச் சேற்றின் வயதும் நம் குளங்களும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கூட்டத்துக்காக வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, என் ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்த முன்னாள் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, நாகர்கோவில் வாசகர் வட்டத்து நண்பர்களே, மணக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அழகான வரவேற்புரை தந்த செயலாளருக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: கார்பன் காலக்கணிப்பு, கடலடிச் சேறு, பருவமழையின் பழைய வரலாறு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆகவே முதலில் ஆழத்தைப் பார்ப்போம்.

உயிருள்ளவை எல்லாம் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனை ஏற்கின்றன. உயிர் போனபின் வரவு நின்று, 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. இதைக் கொண்டு வயது கணிக்க வழிகண்ட வில்லார்டு லிபி 1960-இல் நோபல் பரிசு பெற்றார். சிக்கல் எங்கே என்றால், கடலடிச் சேறு ஒரே நாளில் பிறந்ததல்ல.

மணக்குடிக் கடற்கரையில் ஒருவர் பழைய கட்டுமரம் ஒன்றை விலை பேசினாராம். “பாட்டா, இதற்கு எத்தனை வயது?” பெரியவர் நிதானமாக நடுமரத்தைத் தட்டினார். “மக்களே, இது என் அப்பா போட்டது.” ஓரத்து மரத்தைத் தட்டினார். “இது என் மகள் கல்யாணத்துக்கு முந்தின வருடம்.” கயிற்றைத் தொட்டார். “இது போன மாதம்.” வாங்க வந்தவர் விடவில்லை. “சரி பாட்டா, மொத்தத்தில் எத்தனை வயது?” பெரியவர் சொன்னார்: “மொத்தத்துக்கு விலைதான் உண்டு மக்களே, வயது கிடையாது!”

சேற்றை மொத்தமாக எரித்து வயது பார்ப்பதும் அப்படித்தான். அதனால்தான் 1996-இல் டிமோதி எக்லிண்டன் குழுவினர், சேற்றிலுள்ள கரிமச் சேர்மங்களை வாயு நிறப்பிரிகையால், அதாவது ஆவியாக்கிக் குழாய் வழியே செலுத்தி, ஒவ்வொன்றாகப் பிரித்து வயது காணும் முறையை வெளியிட்டார்கள். இம்முறையில் பார்த்தபோது, அட்லாண்டிக் கடலடியின் பெர்முடா மேட்டில் ஒரே அடுக்கில் கிடந்த ஆல்கினோன்கள் என்னும் பாசிச் சேர்மங்கள், பக்கத்தில் கிடந்த ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளைவிட 7000 ஆண்டுகள்வரை மூத்தவையாக இருந்தன. நீரோட்டம் பழைய நுண்சேற்றைத் தொலைவிலிருந்து சுமந்து வந்து போட்டிருந்தது. அந்தப் பாசிச் சேர்மத்தை நம்பித்தான் பழைய கடல்நீரின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டால், வேறு காலத்து வெப்பத்தை இந்த அடுக்கின் கணக்கில் எழுதிவிடுவோம்!

சேற்றில் கிடைக்கும் இன்னொரு சேர்மமான இலைமெழுகைச் சொல்லாமல் விடமுடியாது. சேம்பிலையில் தண்ணீர் முத்தாகத் திரண்டு, இலையை நனைக்காமல் உருண்டு விழுவதைப் பார்த்திருக்கிறீர்கள். இலையின் மேலுள்ள மெழுகுதான் காரணம். இலை மக்கினாலும் மெழுகு எளிதில் அழியாது. மண்ணில் தங்கும், குளத்தில் படியும், சில வேளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தே கடலுக்குப் போகும். நிலம் எவ்வளவு காலம் கார்பனைப் பிடித்து வைத்திருந்தது என்பதை அதன் வயது காட்டுகிறது.

நான் எங்கே பேசினாலும் குளத்தில் வந்து நிற்பேன் என்று தலைவர் அறிவார். பழையாறு மணக்குடிக் காயலுக்குப் போகும் வழியெங்கும் குளங்கள். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி பெற்றன. அந்தத் தகுதி இல்லாத சிறு குளங்களுக்கு யார் காவல்? மண்கொட்டி மனையாக்குகிறோம். கடலடிச் சேறுபோல் பழைய காலத்தை அடுக்கடுக்காய் வைத்திருக்கும் வண்டலை அடுக்குக் குலைய அள்ளுகிறோம். குலைந்த அடுக்கை எந்தக் கருவியாலும் பழையபடி அடுக்க முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், ஆழம் பாராமல் ஜேசிபியை விடலாமா?

பருவமழை பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். எந்தக் குளத்தைத் தூர்வாரினாலும் அதற்கு முன்பு ஒரு குழாய் ஆழத்துக்கு வண்டலை அடுக்குக் குலையாமல் எடுத்து, நம் மாவட்டக் கல்லூரிகளில் பாதுகாக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. மாநகராட்சி உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்திட வேண்டுகிறேன்.