யாரிடம் என்ன இருக்கிறது?

(தண்டையார்பேட்டையில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஆபத்து நேரத்தில் நம் பகுதியில் உதவக்கூடிய குழுக்களின் பட்டியல் ஒன்றைச் சேர்ந்து போட வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒரே சாயங்காலத்தில் நான்கு குழுக்கள் சாம்பார் சாதப் பொட்டலம் கொண்டுவந்தன. நல்ல மனசு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு தாய், கைக்குழந்தைக்குப் பால் பவுடர் இல்லாமல் ராத்திரி முழுக்கத் தவித்தார். பால் பவுடர் வைத்திருந்தவர்கள் அரை கிலோமீட்டரில்தான் இருந்தார்கள். மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றுவரை அது என் மனதை விட்டுப் போகவில்லை.

அதே மாதம் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மாதத்தில் மூன்று ஆபத்து. வெள்ளத்துக்குப் படகு வேண்டும், எண்ணெய்க்குக் கையுறையும் தோல் மருத்துவரும் வேண்டும், வாயுக் கசிவுக்கு அந்த நேரத்திலும் கிளம்பி வரும் வண்டி வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் சங்கங்களின் பெயரை வரிசையாக எழுதுவது போதாது. யாரிடம் என்ன இருக்கிறது, எந்தத் தெருவரை வருவார்கள், ராத்திரியில் யார் போனை எடுப்பார்கள் என்று எழுத வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்கள் திரண்டு வந்தன. யாருக்கும் வேண்டாத பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. அங்கே தொண்டு நிறுவனங்களுக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கி, எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று திரட்டினார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே.

2015 வெள்ளத்தில் நாங்களும் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சேர்த்தோம். 2023இல் அதைத் திறந்து பன்னிரண்டு எண்களுக்கு அடித்தேன். மூன்றுதான் போயின. பட்டியல் போடுவது ஒரு நாள் வேலை, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை! ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடைசியாகப் பேசிப் பார்த்த தேதி இருக்கட்டும். ஆடியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொருமுறை எல்லோருக்கும் போன் செய்ய வேண்டும். எடுக்காதவரைத் தயங்காமல் நீக்குங்கள்.

பதிவு பெற்ற நிறுவனங்கள் மட்டும் போதாது. காசிமேட்டுப் படகுக்காரர்கள், ஜமாத், சர்ச், அன்னதானம் போடும் கோயில், மகளிர் சுயஉதவிக் குழு, ரத்ததானத் தம்பிகள் எல்லோரும் வர வேண்டும். முதலுதவி சொல்லித்தருபவர்கள், கால்வாய் அடைப்பைக் கவனிப்பவர்கள், கழிமுகத்தில் அலையாத்தி நடுபவர்கள் ஆகியோரை மறந்துவிடாதீர்கள், ஆபத்தைக் குறைப்பவர்கள் அவர்கள்தான். தனி ஆளின் எண்ணை அவரைக் கேட்காமல் போடக்கூடாது. உதவி வாங்கியவர்கள் பெயர் இதில் வரவே கூடாது.

அப்புறம், காகிதத்திலும் வேண்டும். கரண்ட் போனால் டவரும் போகும், பார்த்துவிட்டோம். முதல் பக்கத்தில் மாநகராட்சிக்கு 1913, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108. ரேஷன் கடைச் சுவரில் ஒன்று, மீன் ஏலக்கூடத்தில் ஒன்று.

திருவொற்றியூர், மணலி, ராயபுரத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. உங்கள் தெருவில் ஜெனரேட்டர், மாடி அறை, வீல்சேர் யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எண்ணை வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள்.