மணல் மேல் பறக்கும் மணல்

(திரையில்: சகாரா, பகல் நேரச் செயற்கைக்கோள் படம்)

இந்தப் படத்தில் ஒரு புழுதிப்புயல் இருக்கிறது. கண்டுபிடிக்க முடிகிறதா? கீழே கிடக்கும் மண்ணுக்கும் மேலே பறக்கும் மண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். இரவானால் இந்த அளவுகூடத் தெரியாது.

(அதே இடம், புழுதி இளஞ்சிவப்பாக மாறுகிறது)

இப்போது பாருங்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மீட்டியோசாட் என்ற வானிலைச் செயற்கைக்கோள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கும் படம் இது. தரையிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை மேகம் ஒரு விதமாக உறிஞ்சும், புழுதி வேறு விதமாக உறிஞ்சும். அந்த வித்தியாசத்துக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். நள்ளிரவிலும் புயல் தப்பாது.

இந்தப் புழுதி கிளம்பும் இடம் சாட் நாட்டின் போடேலே பள்ளம். திபெஸ்தி, என்னெடி என்ற இரு மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுக்குமே, அதுபோல. குளிர்காலக் காலை வேளைகளில் அதன் சீற்றம் அதிகம்.

(நுண்ணோக்கிப் படம்)

பறப்பது வெறும் மணல் என்று நினைத்துவிடாதீர்கள். போடேலே ஒரு காலத்தில் மாபெரும் ஏரியின் அடித்தளம். அந்த நீரில் வாழ்ந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் இவை. சல்லடைபோல் வரிசையாகத் துளைகள்! அதனால்தான் இவ்வளவு லேசாக மேலெழுகின்றன.

எவ்வளவு உயரத்துக்கு? மேலிருந்து எடுக்கும் படம் அதைச் சொல்லாது. 2006இல் ஏவப்பட்ட கலிப்சோ என்ற செயற்கைக்கோள் லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தை அளந்தது. உருண்டையான நீர்த்துளியில் பட்ட ஒளிக்கும், கரடுமுரடான தூசியில் பட்ட ஒளிக்கும் வேறுபாடு உண்டு. அதை வைத்தே இது மேகம், இது புழுதி என்று பிரித்தது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது.

(அட்லாண்டிக் மேல் நகரும் புழுதிப் படலம்)

2007 முதல் 2013 வரையிலான கலிப்சோ அளவீடுகளின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் தூசி சகாராவின் மேற்குக் கரையைத் தாண்டுகிறது. அதில் 2.77 கோடி டன் அமேசான் படுகையில் இறங்குகிறது. அதனுடன் செடிகளுக்கு ஊட்டமாகும் பாஸ்பரஸ் சுமார் 22,000 டன். மழையும் வெள்ளமும் அமேசான் மண்ணிலிருந்து அரித்துச் செல்லும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

(மழைக்காடு, இலை மேல் விழும் துளிகள்)

இந்தத் துளிகளோடு சேர்ந்துதான் அந்தத் தூசியும் இறங்குகிறது.