பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு நிமிடப் பிழை

அனைவருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தின் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். வாட்ச் பைத்தியம் பிடித்தவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். அமைப்பாளரிடம் சொல்லவில்லை. பேச்சாளனுக்குப் பன்னிரண்டு நிமிடம் சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்?

என் கையில் இருப்பது 900 ரூபாய் வாட்ச். பேட்டரியில் ஓடுவது. மாதத்துக்குப் பதினைந்து, இருபது நொடி முன்பின் போகும், அவ்வளவுதான். ஒரு ரோலெக்ஸ் சப்மரீனர் வாங்க இன்று சுமார் பத்து லட்சம் ரூபாய் வேண்டும். அதற்கு அந்த நிறுவனம் தரும் உறுதி, நாளொன்றுக்கு இரண்டு நொடிக்கு மேல் கூடாது, குறையாது என்பது. இயந்திர வாட்சுக்கு அது அபாரமான துல்லியம், சந்தேகமே இல்லை. ஆனால் முப்பது நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் வரை தவறலாம். ஆயிரம் மடங்குக்கு மேல் விலை கொடுத்து, மணி காட்டுவதில் சற்று மட்டமான பொருளை வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களோ பெரும்பாலும் கணக்கில் புலிகள். அப்படியானால் எதைத்தான் வாங்குகிறார்கள்?

பகட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அதில் பாதி உண்மை உண்டு, அதற்கும் வருகிறேன். மற்றப் பாதிக்கு 1969க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற வாட்சை விற்பனைக்கு வைத்தது. கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அது. விலை 4,50,000 யென். அன்றைக்கு அங்கே ஒரு சின்னக் கார் வாங்கும் காசு. குவார்ட்ஸ் என்பது ஒருவகைப் படிகக்கல். மின்சாரம் பாய்ந்தால் மாறாத வேகத்தில் அதிரும். இப்போது நாம் கட்டும் சாதாரண வாட்சில் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அதைப் பாதி, பாதியில் பாதி என்று வகுத்துக்கொண்டே போகும். பதினைந்து முறை வகுத்தால் மிச்சம் சரியாக ஒன்று. அந்த ஒன்றுக்குத்தான் நொடிமுள் ஒரு தாவு தாவுகிறது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் திறந்து பார்த்தால் பார்க்க ஒன்றும் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், சுவிட்சர்லாந்துக்காரர்களும் 1967லேயே ஆய்வுக்கூடத்தில் குவார்ட்ஸ் வாட்ச் செய்து பார்த்துவிட்டார்கள். கடைக்குக் கொண்டுவருவதில் பிந்திவிட்டார்கள். 1970 வாக்கில் அந்த நாட்டில் வாட்ச் தொழிலை நம்பிச் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். பதினைந்து வருடத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த துல்லியம், திடீரென்று தெருவோரத்தில் கூறு கட்டி விற்கும் சரக்காகிவிட்டது.

சரி, துல்லியம் விலைபோகாது என்றானபின் எதை விற்பது? இதற்கு ஒரு விசித்திரமான பதிலை 1972இல் ஓடெமார் பிகே என்ற சுவிஸ் நிறுவனம் சொன்னது. ஜெரால்ட் ஜென்டா என்பவர் வரைந்து கொடுத்த 'ராயல் ஓக்'. தங்கமில்லை, வைரமில்லை, வெறும் எஃகு. எட்டுத் திருகுகளை ஒளிக்காமல் முகப்பிலேயே பதித்திருந்தார்கள். விலை 3,300 பிராங்க். தங்க வாட்சே அதைவிட மலிவாகக் கிடைத்த காலம். எவர்சில்வர் குடத்தை வெள்ளிக் குடத்தின் விலைக்கு மேல் சொல்வதுபோல. முதலில் மெதுவாகத்தான் விற்றது. இன்று அதை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். உலோகத்தின் எடைக்கு அல்ல, கைவேலைக்கும் பெயருக்கும்தான் விலை என்பது அந்த எஃகு வாட்சோடு நிலைத்துவிட்டது.

கைவேலை என்கிறேனே, அதைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். இயந்திர வாட்சின் வயிற்றில் ஒரு நீளமான எஃகு நாடா சுருண்டு கிடக்கிறது. மெயின் ஸ்பிரிங். சாவி கொடுத்தால் இறுகும். இறுகியது அவிழப் பார்க்கும். அப்படியே விட்டால் ஒரு நொடியில் சடசடவென்று அவிழ்ந்து தீர்ந்துவிடும். அதை அவிழ விடாமல், சொட்டுச் சொட்டாக மட்டும் அவிழ விடுவதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. பல்சக்கரங்களின் கடைசியில் ஒரு குட்டி நெம்புகோல் 'நில், போ, நில், போ' என்று சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும். அதற்குத் தாளம் போடுவது பேலன்ஸ் சக்கரம். அதை இப்படியும் அப்படியும் ஊசலாட வைப்பது தலைமுடியைப் போன்ற ஹேர்ஸ்பிரிங். நாம் கேட்கும் டிக் டிக் அந்தப் பிடித்தலின் சத்தம். இன்றைய நல்ல வாட்சுகள் பலவற்றில் மணிக்கு 28,800 தட்டு. ஒரு நாளைக்கு 6,91,200. இத்தனையும் தட்டிவிட்டு இரண்டு நொடிதான் பிசகுகிறது என்றால், மனிதர் செய்த பொருளுக்கு அது சாதாரணமா?

உயர்ந்த வாட்சுகளில் இன்னொன்றும் செய்வார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் சாய்வாக இழைத்து, கண்ணாடிபோல மெருகேற்றுவார்கள். அதனால் வாட்ச் ஒரு நொடிகூடத் துல்லியமாகாது. பின்மூடி கண்ணாடியாக இல்லாவிட்டால், மூடிக்குள் கிடப்பதை ரிப்பேர்க்காரரைத் தவிர யாரும் பார்க்கப்போவதும் இல்லை. எங்கள் ஊர் பத்தர் ஒருவர் அட்டிகையின் பின்பக்கத்தையும் அதே மாதிரி இழைப்பார். கழுத்தில் படுகிற பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அம்மா கேட்டால், "அடகு வைக்கப் போனா சேட்டு திருப்பிப் பாப்பாரும்மா" என்பார்.

அப்பாவிடம் இருந்தது எச்.எம்.டி. ஜனதா. 17 ஜூவல், அதாவது உராயும் இடங்களில் 17 குட்டிக் கற்கள் பதித்த, சாவி கொடுக்கும் வாட்ச். தாத்தா அவருக்குப் போட்ட மாப்பிள்ளை வாட்ச் அது. தினமும் காலையில் வானொலிச் செய்திக்கு முன் வரும் 'பீப்' சத்தத்துக்காக வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். முள்ளைச் சரிசெய்வார். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நிதானமாகச் சாவி கொடுப்பார். இறுகி நிற்கும் இடம் வந்ததும் விட்டுவிடுவார். "அதுக்கு மேல திருகினா கோவிச்சுக்கும்" என்பார். நாங்கள் தொடக் கூடாது.

எச்.எம்.டி. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து வாட்ச் செய்யத் தொடங்கியது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை போட்டு, குவார்ட்ஸை நம்பி இறங்கினார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். சுவிட்சர்லாந்தில் நடந்தது நம் பக்கத்திலும் நடந்தது. 2016இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மூடிய பிறகுதான் பழைய ஜனதாவைத் தேடி அலையும் கூட்டம் பெருகியது. அதில் நானும் ஒருவன். வீட்டிலேயே ஒன்று இருப்பதை மறந்துவிட்டு அலைந்தேன்.

இப்போது பகட்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்குப் போடுவது என்னென்ன? செயின், மோதிரம், வாட்ச். வாட்சை நாம் எப்போதுமே நகைக் கணக்கில்தான் வைத்திருந்தோம். அதற்கு மணி காட்டும் என்று ஒரு சாக்கு. நெஞ்சு நிறையத் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அதே காசை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்தால் 'நல்ல ரசனை' என்பார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் இருக்கும் ஆணுக்கு அனுமதிக்கப்பட்ட நகை அது ஒன்றுதான். அதனால்தான் நம் அரசியலில் வாட்ச் அடிக்கடி அகப்பட்டுக்கொள்கிறது. கர்நாடகத்தில் 2016இல் முதலமைச்சராக இருந்தவர், பரிசாக வந்த ஹூப்ளோ வாட்சைச் சட்டமன்றத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இங்கே தமிழ்நாட்டில் 2022 கடைசியில் தொடங்கி சில மாதங்களுக்கு, ஓர் அரசியல் தலைவர் கட்டியிருந்த வாட்சுக்கு 'பில் எங்கே' என்று ஒரே கேள்வி. ரஃபேல் விமானத்தின் பெயரில் பெல் அண்ட் ராஸ் செய்த 500 வாட்சுகளில் ஒன்று அது. பெயர் வேண்டாம், நீங்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

இந்தக் குற்ற உணர்ச்சிக்கும் மருந்து கண்டுபிடித்தவர்கள் பட்டேக் பிலிப் நிறுவனத்தார். இந்த வாட்ச் உங்களுக்குச் சொந்தமில்லை, அடுத்த தலைமுறைக்காக அதைப் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான் என்று 1996இலிருந்து விளம்பரம் செய்கிறார்கள். எவ்வளவு சாமர்த்தியம்! செலவு செய்கிறவனைச் சேமிக்கிறவனாக மாற்றிவிட்டார்கள். பெண்ணுக்கு நகை சேர்க்கும் நம் வீட்டு மனசுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் சேமிப்பு என்றால் எப்போதும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் அவர்களுடைய நாட்டிலஸ் ஒன்று, நீல முகப்பில் டிஃபனி நகைக்கடையின் பெயரோடு வந்தது, நியூயார்க்கில் 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கடை விலை ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி. அந்த ஜுரத்தில் பழைய வாட்ச் சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்கிப் போட்டவர்கள், 2022இல் விலை இறங்கியபோது கையைப் பிசைந்தார்கள். முதலீட்டுக்காக வாட்ச் வாங்கலாமா என்று என்னைக் கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். ஆசைக்கு வாங்குங்கள், காசு இருந்தால்.

என்னை இந்தப் பைத்தியத்தில் கட்டிப்போட்ட கதை வேறு. அமெரிக்க நடிகர் பால் நியூமன் கார்ப் பந்தயப் பிரியர். அவர் மனைவி அவருக்கு ஒரு ரோலெக்ஸ் டேடோனா வாங்கிக் கொடுத்தார். அன்று சில நூறு டாலர் விலை. வேகமாக விற்ற மாடலும் அல்ல. பின்மூடியில் மூன்று சொல் பொறித்துக் கொடுத்தார்: கவனமாக ஓட்டுங்கள், நான். நியூமன் அதைப் பல வருடம் கட்டியிருந்தார். 1984இல், மகளின் நண்பனாக வீட்டில் இருந்த இளைஞனிடம் மணி கேட்டார். என்னிடம் வாட்ச் கிடையாது என்றான் அவன். நியூமன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். சாவி கொடுக்க மறக்காமல் இருந்தால் நன்றாகவே மணி காட்டும் என்றாராம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் அது ஏலத்துக்கு வந்தபோது போன விலை 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலர். அதே மாடல் வேறு பல இருக்கின்றன. அந்தக் காசு வாட்சுக்கா, மூடியில் இருந்த மூன்று சொல்லுக்கா?

நினைத்துப் பாருங்கள், நம் வீட்டில் இருக்கும் கருவிகளில் வேறு எதற்கு நாம் தினமும் உயிர் கொடுக்கிறோம்? ஆட்டோமேட்டிக் வாட்ச் என்றால் கை அசைவிலேயே சாவி ஏறும். கழற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பத்து வாட்ச் வைத்திருக்கும் பணக்காரருக்குப் பத்துக் கையா இருக்கிறது? அதனால் வாட்சை வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரப் பெட்டி விற்கிறார்கள். தொட்டில் ஆட்ட ஆள் வைப்பதுபோல. எனக்கென்னவோ, அவர் கொடுத்த காசுக்கு ருசியான பகுதியை அந்தப் பெட்டி சாப்பிட்டுவிடுகிறது என்று தோன்றும்.

அப்பாவின் ஜனதா போன வருடம்தான் பீரோவில் அகப்பட்டது. பஸ் ஸ்டாண்ட் அருகே குடைக்குள் மேஜை போட்டிருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு திறந்தார். எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது, ஆயில் சர்வீஸ் போட்டால் ஓடும், 600 ரூபாய் என்றார். ஓடுகிறது. நாளுக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது. காலையில் போனைப் பார்த்து முள்ளைச் சரிசெய்து சாவி கொடுக்கிறேன். இறுகும் இடம் வந்ததும் விட்டுவிடுகிறேன். அதை இங்கே கட்டிவரவில்லை, காரணம் பட்டை அறுந்துவிட்டது.

அமைப்பாளர் கை காட்டுகிறார். என் 900 ரூபாய் வாட்சின்படி இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, சுவர்க் கடிகாரத்தின்படி பதினைந்து. சுவரையே நம்புவோம், கேள்வி கேளுங்கள்.