பத்து வருடத்துக்குக் கிரிப்டோ வைத்திருக்கப் போகிறீர்களா? இதைப் பாருங்கள்

[திரையில்: ஒரு போன், அதில் எக்ஸ்சேஞ்ச் ஆப் திறந்திருக்கிறது]

வணக்கம். மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ பிட்காயினில் போட்டு வருகிறவர்களுக்கான வீடியோ இது. தினமும் சார்ட் பார்த்து டிரேடிங் செய்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் படிப்புக்கோ வயதான காலத்துக்கோ உதவட்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிப் போட்டவர்கள் இன்று நிறையப் பேர். எந்தக் காயின் வாங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வாங்கியதை எங்கே வைப்பது, கணக்கை எப்படி எழுதி வைப்பது, நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் அதை எப்படி எடுப்பது என்று சொல்லித் தரத்தான் ஆள் இல்லை. நஷ்டப்பட்டவர்கள் பலர் தவறான காயினை வாங்கி நஷ்டப்படவில்லை. நல்ல காயினை வாங்கி, அது கைக்கு வராமல் போய்த்தான் நஷ்டப்பட்டார்கள். அதனால் இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

[திரையில்: 2017 முதல் 2024 வரை பிட்காயின் விலைக் கோடு]

அதற்கு முன்னால், எவ்வளவு போடலாம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் கிட்டத்தட்ட 69,000 டாலரைத் தொட்டது. ஒரே வருடத்தில், 2022 நவம்பரில், 16,000 டாலருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உச்சத்தில் 1 லட்ச ரூபாய் போட்டவர் கையில் கால்வாசிதான் மிச்சம். 2017 டிசம்பரிலும் இதே கதைதான். 20,000 டாலரை நெருங்கி, அடுத்த டிசம்பரில் 3,200 டாலர் பக்கம் வந்துவிட்டது. இரண்டு முறையும் பிட்காயின் எழுந்து நின்றது, 2024 டிசம்பரில் 1 லட்சம் டாலரையும் தாண்டியது. ஆனால் அடிமட்டத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ கல்லூரிக் கட்டணத்துக்காகவோ விற்க வேண்டி வந்தவருக்கு அந்த எழுச்சியால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

அதனால் ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் இருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும், கிரெடிட் கார்டு பாக்கி இருக்கக் கூடாது. இவை முடிந்த பிறகுதான் கிரிப்டோ. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்து, பெர்சனல் லோன் போட்டு வாங்குவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மொத்தச் சேமிப்பில் 5 சதவீதம் வரை என்பது என் கணக்கு. அதில் முக்கால்வாசி கரைந்தாலும் குடும்பம் அசையாது.

எந்தக் காயின் என்று கேட்டால், நீண்ட காலச் சேமிப்புக்குப் பிட்காயின், அதிகம் போனால் எதீரியம் நெட்வொர்க்கின் காயினான ஈதர். அதைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. 2022 மே மாதம் லூனா என்ற காயின் 80 டாலர் அளவிலிருந்து ஒரே வாரத்தில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. இன்று வரை எழவில்லை. 'விழுந்தால் எழும்' என்பது எல்லாக் காயினுக்கும் பொருந்தாது.

[திரையில்: இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'எக்ஸ்சேஞ்ச்', இன்னொன்றில் 'சொந்த வாலட்']

சரி, விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விற்க உதவும் நிறுவனம், அதன் ஆப்பில் 0.02 பிட்காயின் என்று காட்டினால், அந்தப் பிட்காயினை நகர்த்தும் ரகசியச் சாவி உங்களிடம் இல்லை. நிறுவனத்திடம் இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தர வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கைத்தான் நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள். வங்கியிலும் அப்படித்தானே என்று கேட்கலாம். வங்கி திவாலானால் 5 லட்ச ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2023 மார்ச் முதல் இந்த நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத இடத்தில் கணக்கே தொடங்காதீர்கள். ஆனால் அந்தப் பதிவு உங்கள் காயினுக்கு உத்தரவாதம் இல்லை.

வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் விவகாரம் இதற்கு நம் கண்முன் நடந்த உதாரணம். 2024 ஜூலை 18 அன்று காயினின் சாவிகளை வைத்திருக்கும் அதன் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். வடகொரிய ஹேக்கர்களின் வேலை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் சேர்ந்து சொன்னார்கள். எடுத்தது யாராக இருந்தால் என்ன, வாடிக்கையாளர்கள் தங்கள் காயினைத் தொட முடியாமல் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்ததால் அந்த ஊர் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. திருடு போகாத காயினை வைத்திருந்தவர்களின் கணக்கும் சேர்ந்தே முடங்கியது.

அப்படி முடங்கிய ஒருவரின் வழக்குதான் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி என்ற காயின், திருடு போனது வேறு வகைக் காயின்கள். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பில், கிரிப்டோ என்பது ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொன்னார். சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கோர்ட் படி ஏறித்தான் நம் சேமிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காது.

கனடாவில் குவாட்ரிகா என்று ஓர் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. அதன் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த இடத்தில், ஜெய்ப்பூரில் இறந்துபோனார். வயது 30. சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று நிறுவனம் சொன்னது. சுமார் 76,000 வாடிக்கையாளர்கள் திகைத்து நின்றார்கள். பிறகு விசாரணை நடந்தபோது, காயின் இருப்பதாகச் சொன்ன வாலட்டுகள் ஏற்கெனவே காலி என்று தெரிந்தது. அவர் பொய்க் கணக்குகள் மூலம் வாடிக்கையாளர் பணத்தை வைத்து வியாபாரம் செய்து இழந்திருந்தார். திரையில் மட்டும் கடைசி நாள் வரை எல்லோருக்கும் இருப்பு சரியாகவே காட்டியது.

[திரையில்: ஹார்டுவேர் வாலட், பக்கத்தில் வெள்ளைத்தாள், பேனா]

அப்படியானால் எல்லோரும் இன்றே சொந்த வாலட்டுக்கு மாற வேண்டுமா? இல்லை. ஹார்டுவேர் வாலட், அதாவது ரகசியச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ள உதவும் சின்னக் கருவி, சில ஆயிரம் ரூபாய் விலை. இருபதாயிரம் ரூபாய் காயினுக்கு அதை வாங்குவது அர்த்தமில்லாத செலவு. போனால் மனம் வலிக்கும் என்று நினைக்கும் தொகை சேர்ந்ததும் மாறுங்கள். ஒன்றை மட்டும் கணக்குத் தொடங்கும்போதே பாருங்கள்: சில ஆப்களில் வாங்கிய காயினை வெளியே எடுத்துச் செல்லும் வசதியே இருக்காது. உள்ளே வாங்கலாம், உள்ளேயே விற்கலாம், அவ்வளவுதான். நீண்ட காலத்துக்கு அந்த இடம் ஆகாது.

வாலட் கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ வாங்குங்கள். ஏற்கெனவே வார்த்தைகள் எழுதிய அட்டையோடு வந்தால் அது மோசடி, தொடவே வேண்டாம். கருவியை முதல் முறை இயக்கியதும் அதன் சின்னத் திரையில் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் ஒவ்வொன்றாக வரும். 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து கருவி தானாக எடுத்தவை அவை. உங்கள் கிரிப்டோ முழுவதும் அந்த வார்த்தைகளிலும் அவற்றின் வரிசையிலும்தான் இருக்கிறது. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் வார்த்தைகள் இருந்தால் வேறு கருவியில் எல்லாம் திரும்ப வந்துவிடும். வார்த்தைகள் இன்னொருவர் கைக்குப் போனால் கருவி உங்கள் மேசையில் இருக்கும்போதே காயின் போய்விடும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். பேனாவால் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் எண் போடுங்கள். எழுத்து புரியவில்லை என்று பின்னால் தவிக்காதபடி தனித்தனி எழுத்தாக எழுதுங்கள். முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே போதும், அந்தப் பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. போட்டோ எடுக்காதீர்கள், அது தானாகவே இணையத்தில் உள்ள கிளவுட் சேமிப்புக்கு ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள். ஜிமெயில் டிராஃப்ட்டிலும் வேண்டாம்.

அப்புறம் ஒத்திகை. சின்னத் தொகையை மட்டும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வாலட்டுக்கு அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் கருவியை முழுவதும் அழித்துவிடுங்கள். ஆமாம், அழித்துவிடுங்கள். தாளில் எழுதிய வார்த்தைகளைப் போட்டு மீட்டுப் பாருங்கள். அந்தச் சின்னத் தொகை திரும்பத் தெரிந்தால் நீங்கள் எழுதியது சரி. அதன் பிறகு மிச்சத்தை அனுப்பலாம். இந்த ஒரு மணி நேர வேலையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

தாளை எங்கே வைப்பது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டுப் பத்திரங்களும் சான்றிதழ்களும் பீரோவுக்குள்ளேயே ஊறிப் போயின என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் பதித்து வைக்க எஃகுத் தகடுகள் விற்கிறார்கள், தொகை பெரிதானால் அது நல்லது. இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு கட்டடம். ஒன்று வீட்டில், இன்னொன்று வங்கி லாக்கரில். கருவியும் வார்த்தைகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம்.

எந்த நிறுவனத்தின் உதவி மையமும் அந்த வார்த்தைகளைக் கேட்காது. கேட்டால் திருடன், அதில் சந்தேகமே இல்லை. அதேபோல் 'காயினை எங்களிடம் கொடுங்கள், மாதா மாதம் வட்டி தருகிறோம்' என்பவர்களையும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனம் அப்படித்தான் வாங்கியது. 2022 ஜூனில் பணம் எடுப்பதை நிறுத்தியது, ஜூலையில் திவால் மனு கொடுத்தது.

[திரையில்: கையால் எழுதிய கணக்கு: லாபம் 1,00,000, நஷ்டம் 60,000]

இனி வரி. 2022 பட்ஜெட்டில் வந்த விதி இது: கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். பத்து வருடம் வைத்திருந்து விற்றாலும் பத்து நாளில் விற்றாலும் ஒரே விகிதம். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு ஈடுகட்டவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

திரையில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். பிட்காயின் விற்றதில் 1 லட்சம் லாபம். அதே வருடம் வேறொரு காயினில் 60,000 நஷ்டம். உங்கள் கைக்கு உண்மையில் வந்தது 40,000. ஆனால் வரி 1 லட்சத்துக்குத்தான்: 30,000, செஸ் 1,200, ஆக 31,200. மிச்சம் 8,800 ரூபாய். பல காயின்களில் பிரித்துப் போடுங்கள் என்ற அறிவுரை நம் நாட்டு வரியில் எவ்வளவு கடிக்கிறது என்று இதில் தெரியும்.

ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனைதான், ரூபாயே கைக்கு வராவிட்டாலும் வரி உண்டு. சும்மா வைத்திருந்தால் வரி இல்லை. உங்கள் வாலட்டுக்கு நீங்களே மாற்றிக்கொள்வது விற்பனை ஆகாது. விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வரி இருப்பதால், 5 சதவீதமாகத் தொடங்கிய கிரிப்டோ விலை ஏறி 12 சதவீதமானால் உடனே விற்றுச் சமன் செய்யாதீர்கள் என்பேன். புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு, வரும் மாதச் சேமிப்பை பிபிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் திருப்புங்கள். விகிதம் மெதுவாகத் தானே இறங்கும். ரொம்பவும் மிஞ்சினால் மட்டும் வரி கட்டி விற்கலாம்.

வாங்கிய தேதி, எண்ணிக்கை, கொடுத்த ரூபாய், எந்த எக்ஸ்சேஞ்ச் என்று வாங்கும் அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் பழைய பில் கிடைக்காது. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லையென்றால் விற்கும்போது முழுத் தொகையும் லாபம் என்று ஆகிவிடக்கூடும்.

[திரையில்: மூடிய உறை, மேலே தேதி]

கடைசியாகக் குடும்பம். சொந்த வாலட்டுக்கு நாமினி கிடையாது. வாரிசுச் சான்றிதழோடு போய்க் கேட்க ஓர் அலுவலகமும் கிடையாது. மனைவிக்கோ கணவருக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ ஒரு கடிதம் எழுதி வையுங்கள். என்ன வைத்திருக்கிறீர்கள், கருவி எங்கே, வார்த்தைகள் எழுதிய தாள் எங்கே, கணக்கு நோட்டு எங்கே, அவசரப்பட்டு யாரிடமும் உதவி கேட்டு வார்த்தைகளைச் சொல்லிவிடக் கூடாது, எல்லாம் அதில் இருக்கட்டும். வார்த்தைகளை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டாம். உயிலிலும் வேண்டாம், உயில் கோர்ட்டுக்குப் போனால் பலர் கண்ணில் படும். யாருக்குச் சேர வேண்டும் என்பதை மட்டும் உயிலில் சொல்லுங்கள்.

எழுதியதோடு விடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்கார வைத்து, கடிதத்தைப் பார்த்து அவர்களே கருவியைத் திறந்து ஒரு சின்னத் தொகையை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர்கள் எந்த வரியில் தடுமாறுகிறார்களோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நோட்டு எப்படியும் வெளியே வரும். அன்றே கடிதத்தையும் எடுத்துப் படித்து, மாறியதை மாற்றி, புதுத் தேதி போட்டு வையுங்கள்.